மணமறியாக் காலையிலும் ஆண்டவரை மகிமைப்படுத்திய ஐயாவுக்கு

பெருமதிப்பிற்குரிய டீமேக்கர், திரு. சவரிமுத்து ஜெயகாந்தன் ஐயா அவர்களே! கந்தப்பளைக் குளிரிலும் கனிவு குன்றாத கண்ணியரே! முப்பத்தொரு ஆண்டுகள் ‘ஸ்டோர்’ என வழங்கும் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையை முறைமையோடு நடத்தி, இவ்வாரம் ஓய்வு பெறும் மூத்தவரே! வணக்கம். மடல் எழுதிப் பழகாதவர்கள் நாங்கள். பிழை பொறுத்தருள வேண்டுகின்றோம்.

அரைத்த கொழுந்தை அள்ளி முகர்ந்து, அது பதமாகும் கணத்தைப் பிறழாது சொல்லும் வல்லமை தங்களுடையது. முகர்ந்ததும், “ஆண்டவருக்கே மகிமை” என்பீர்கள். நல்ல தேயிலையால் அவரை மகிமைப்படுத்தவே தாங்கள் பிறந்ததாக நம்பினீர்கள். திருநீறு பூசிய நாங்களும் அச்சொல் கேட்ட பின்னரே உலர்த்தும் இயந்திரத்தை இயக்கப் பழகினோம்.

ஈராண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சலில் தங்கள் நாசி மணமறியும் ஆற்றலை இழந்தது. அதை மறைத்து, மூன்று நாட்கள் கடிகாரத்தைப் பார்த்தே கொழுந்தை உலர்த்த அனுப்பினீர்கள். வெயிலேறிய நான்காம் நாள், கடிகாரக் கணக்கை முந்தி, கொழுந்து பதம் கடந்து பாழாயிற்று. பழியோ இயந்திரம் இயக்கிய இராமையாவின் மீது விழ, அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். மறுநாட் காலை, ஆளெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில், அனைவரும் கூடி நிற்கையில், தோட்ட அதிகாரியான துரையிடம் தாங்கள் சொன்னீர்கள்:

“இராமையா மேல தப்பில்லீங்க தொரை. எனக்கு மோப்பமே போச்சு. வெக்கத்துல மறைச்சுட்டேன். அவர வேலைக்குக் கூப்பிடுங்க, என்னய நிப்பாட்டுங்க.”

உடனே தேயிலை சலிக்கும் நாகலெட்சுமி அம்மாள் வாய் திறந்தார்: “அதானே பாத்தேன்! கொழுந்து பக்கத்துல கருவாட்டுச் சோத்த வச்சும் ஐயா சத்தமே போடலயேன்னு!”

பெரட்டே சிரித்தது, தாங்களும் சிரித்தீர்கள். இராமையா வேலைக்குத் திரும்பினார். துரை தங்களையும் நிறுத்தவில்லை. அன்று முதல் நாகலெட்சுமி அம்மாள் முகர்ந்து சொல்ல, தாங்கள் ஆண்டவருக்கு நன்றி சொன்னீர்கள்.

ஆயினும் சென்ற வாரம் இப்பிரியாவிடை மடலுக்கு விபரம் கேட்கத் தங்கள் இல்லம் வந்த எங்களிடம், தேநீரைத் தொடாமல், வாசலில் அங்குமிங்கும் நடந்தவாறே கேட்டீர்கள்:

“திங்கக்கெழம எந்திரிச்சு எதச் செஞ்சு அவர மகிமைப்படுத்துவேன்? ஸ்டோரும் இல்ல, மூக்கும் இல்ல. சும்மா குந்தியிருக்கவா படைச்சாரு?”

அவ்வினா எங்களையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

சிறியோரின் துணிவை மன்னியுங்கள், ஐயா! தாங்கள் ஆக்கிய தேயிலையைக் கப்பல்கள் கொண்டு சென்றன. அதை அருந்தி ஆண்டவரை நினைத்தவர் உண்டோ, அறியோம். தங்கள் ஆண்டவர் எத்தகையவர் என்பதை நாங்கள் அறிந்ததோ, இராமையாவுக்காகத் தாங்கள் தலைகுனிந்து நின்ற அந்தக் காலையில்தான். அன்று தங்கள் கையில் கொழுந்தும் இல்லை. நாசியில் மணமும் இல்லை. ஆதலால், திங்கட்கிழமையை எண்ணித் தாங்கள் கலங்க வேண்டாம்.

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நோயின்றி, குறைவின்றி நெடுங்காலம் வாழ, அவரவர் தெய்வத்தின் திருமுன் வேண்டி நிற்கும்,

தங்கள் அன்பிற்குக் கட்டுப்பட்ட
தேயிலைத் தொழிற்சாலைப் பணியாளர்கள்