சத்தம் போடாத பியர்

– இதுவும் சத்தம் போடேல்லை, ஜெகதி. கம்பி மூடியைத் தட்டினால் "டப்" எண்டு கேக்கவேணும். இது செத்துப்போச்சு.

– எனக்கென்ன தெரியும்? குடிச்சுப் பாருங்கோவன்.

– என்னத்தைக் குடிக்கிறது? நுரையே இல்லை. பாண் ஊறின தண்ணி மாதிரிக் கிடக்கு. மூண்டாவது முறையும் வீட்டிலை காய்ச்சின பியர் இப்பிடி! றப்பர் வளையமும் புதுசு மாத்திப் பாத்திட்டன். போத்தல்தான் பிழை. மூடிக்குள்ளாலை காத்துப் போகுது.

– சந்தையிலை பொறுக்கின பழைய போத்தல், வேறென்ன செய்யும்?

– அதுதான் முடிவெடுத்திட்டன். திரான்சியிலை குலசேகரத்தாற்றை மகளின்ரை கலியாணம் நடந்த மண்டபத்துக்குப் பின்னாலை ஷம்பெய்ன் போத்தல் குவிஞ்சு கிடக்கு. சும்மா அள்ளலாம். கண்ணாடி என்ன தடிப்பு தெரியுமே? எவ்வளவு காத்தெண்டாலும் தாங்கும்.

– நேற்றுப் பட்டு வேட்டியோடை போய்ச் சாப்பிட்ட இடத்திலை, இண்டைக்கு வெறும் போத்தல் பொறுக்கப் போறியளோ? லாச்சப்பல் தமிழ்ச் சனம் முழுக்கச் சிரிக்கும்.

– சிரிக்கட்டும். என்னோடை வேலை செய்யிற யோன் தகர மூடி அமத்துற மெசின் இரவல் தாறனெண்டவன். ஒருக்கா அமத்தினால் குடிக்கிற அண்டைக்குத்தான் கழரும். திரும்பப் பூட்டேலாது.

– அது வேண்டாம்.

– ஏன்?

– வேண்டாமெண்டால் வேண்டாம். சோடா வாற பிளாஸ்ரிக் போத்தலிலை ஊத்துங்கோ. காத்துக் கூடினால் கல்லு மாதிரி இறுகும், விரலாலை அமத்திப் பாத்தாலே தெரியும். கண்ணாடி ஒண்டும் சொல்லாது.

– உமக்கு ஆர் இந்த விசயமெல்லாம் படிப்பிச்சது?

– லக்சிகாவைக் கொண்டு நெற்றிலை தேடினனான்.

– நல்ல தாயும் மகளும். ரொபேர் தன்ரை பியர்ப் பட்டறைக்கு ஆள் எடுக்கத்தான் குடிச்சுப் பாக்க வாறார். அந்த மனிசனுக்கு முன்னாலை சோடாப் போத்தலோ வைக்கிறது? பன்னிரண்டு வருசம் றெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவின கை இது. பாரும், தோல் எங்கை? ஒரு கிளாஸ், ஒரேயொரு கிளாஸ் அவருக்குப் பிடிச்சுதெண்டால்...

– தெரியும். எனக்கும் அதுதான் வேணும். ஏன் உலாத்துறியள்? இருங்கோ.

– நீர் மட்டும் இருக்கிறீரோ? யன்னலுக்கும் கதவுக்குமா எத்தினை நாளா நடக்கிறீர்!

– யூலையிலை வெடிச்சது மறந்துபோச்சோ?

– அது மெல்லிய வைன் போத்தல். என்ரை விசர் வேலை. பிறகு தொட்டனானே? கீழை கேவ் நிலவறையைக் கூட்டி அள்ளியும் போட்டன்.

– நீங்கள் நிலத்தைக் கூட்டினியள். லக்சிகாவின்ரை சைக்கிள் சீற்றை ஆர் பாத்தது? விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு குத்திக்கொண்டு நிண்டது. நான்தான் இழுத்தெடுத்தனான். பத்து நிமிசம் கழிச்சுப் பிள்ளை சைக்கிள் எடுக்கப் படி இறங்கிறாள்.

– ஏனப்பா சொல்லேல்லை?

– சொன்னால் விட்டிடுவியள். விட்டால் திரும்பவும் கோப்பைதானே.

– இப்பவே விடுறன். போத்தலிலை பழியைப் போட்டுக்கொண்டு நிக்கிறன். மூண்டு முறையும் செத்த பியர். என்ரை கையிலைதான் பிழை. அந்தப் போனைத் தாரும்.

– ஆருக்கு?

– ரொபேருக்கு. மினக்கெட்டு வரவேண்டாமெண்டு சொல்லுவம். கோப்பை கழுவுறவன் கோப்பைதான் கழுவவேணும்.

– அப்பிடிச் சொல்லாதையுங்கோ. கொஞ்சம் பொறுங்கோ.

– விடும் கையை... அலோ, முசியே ரொபேர்? ராசா கதைக்கிறன்...

– வையுங்கோ. இஞ்சேருங்கோ, வையுங்கோ எண்டுறன்! உங்கடை கையிலை ஒரு பிழையுமில்லை. நீங்கள் வேலைக்குப் போற ஒவ்வொரு நாளும் கேவுக்கு இறங்கி, ஒவ்வொரு போத்தலாக் கம்பியைத் தட்டிக் காத்தைத் திறந்துவிட்டு மூடி வைச்சது நான்தான்.