பொட்டு வைத்த பாஸ்

...ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகள்களைச் சென்னை கிரிக்கெட் முகாமுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அரைமணி நேரமாக யோசிக்கிறீர்கள். சம்மதப் படிவம் அதோ மேசையில் காற்று வாங்குகிறது. யோசியுங்கள், தப்பில்லை. அதுவரை என்னிடம் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. பயப்படாதீர்கள்... வடை வருவதற்குள் முடிந்துவிடும்.

எனக்கு ஒரு அக்கா, உலகம்மாள். அவள் வீட்டுக்காரர் சங்குமுத்து அத்தான், தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவர்கள் மகள் தாரணி, போன வருஷம் சேப்பாக்கம் மைதானத்தில் இறுதிப் போட்டி ஆடவிருந்தாள். மூன்று பாஸ் அனுப்பி, "அம்மா, முதல் ஓவர் எனக்குத்தான். நீ பார்க்கணும்" என்று போனில் சொன்னாள்.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அழுதாள். பத்து வருஷமாக மகளின் செம்மண் படிந்த கால்சட்டையைத் துவைத்தவள். மகள் பந்து போட்டு ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. ஏன்? கடைத்தெருவுக்குக்கூட அவள் அத்தான் இல்லாமல் போனதில்லை!

உடனே அத்தான் திட்டம் போட்டார். திட்டமா அது? நிலாவுக்கு ராக்கெட் விட்டவர்கள்கூட அத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டார்கள்! எத்தனை மணிக்கு ரயில், எந்தப் பெட்டியில் எந்த ஜன்னல், கழிப்பறைக்கு யார் முதலில்... எல்லாம் எழுத்தில். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எழுபத்திரண்டு. அடுக்கினால் தென்காசிக் கோபுரம் வெட்கப்படும்! சென்னை வெயிலுக்கு அவர் எடுத்துவைத்தது என்ன? குரங்குக் குல்லாய்!

கிளம்புகிற அன்று பூஜை. நம் வீடுகளில் நல்ல காரியத்துக்கான காகிதத்தைச் சும்மா விடுவோமா? பரீட்சை நுழைவுச் சீட்டானாலும் நாலு மூலையில் மஞ்சள், நடுவில் குங்குமம். அத்தான் குழைத்து எடுத்துக்கொண்டு பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, இந்த இடம் மட்டும் கறுப்புக் கோடு கோடா மொட்டையாக் கிடக்கு? இங்கன வச்சாத்தான் எடுப்பா இருக்கும்."

வைத்தார் பாருங்கள்... பட்டாபிஷேகத் திலகம்! அவர் பாஸில் ஒன்று, என் பாஸில் ஒன்று. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன், மகா புத்திசாலி!

"உலகு, உன்னோடதைக் கொண்டா."

அக்கா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேண்டாங்க. இதுல பிள்ளை பேரு அச்சடிச்சிருக்கு. மேல மஞ்சள் பட்டுரும்."

"பொட்டு வைக்காமலா போறது? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பொறுப்பு!" சென்னை வந்து சேரும்வரை நூறு தடவை சொன்னார்.

மறுநாள் காலை மைதான வாசல். ஒன்பதரைக்கு ஆட்டம். மணி ஒன்பது இருபது. எங்களுக்குப் பின்னால் திருநெல்வேலி ஜில்லா மொத்தமும் நிற்கிற மாதிரி வரிசை. வாசலில் நின்ற பெண் அத்தான் பாஸை மெஷினில் காட்டினாள்.

சிவப்பு விளக்கு.

மறுபடி காட்டினாள். சிவப்பு.

"சார், கோடு மேல என்ன இது?"

"குங்குமம்மா. சாமி குங்குமம்."

"மெஷினுக்குச் சாமி தெரியாது சார்."

நான் வேட்டி நுனியால் துடைத்தேன். பொட்டு பரவியது... பாஸ் முழுக்கச் சூரியோதயம்! என்னுடையதும் சிவப்பு. தாரணிக்கு போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறாள். "எட்டாம் வாசல் ஆபீஸ்ல மாத்திட்டு வாங்க" என்கிறாள் அந்தப் பெண். எட்டாம் வாசல் எங்கே? எனக்கு அது இலங்கைக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. மணி ஒன்பது இருபத்தேழு.

அத்தான் அக்கா பக்கம் திரும்பினார். "பாத்தியா? நீ ஒருத்தி பொட்டு வைக்காததுதான்!"

அக்கா தன் பாஸை நீட்டினாள்.

பச்சை விளக்கு.

கம்பி திறந்துவிட்டது. அக்கா நிற்கிறாள். காலை வைக்கவில்லை.

"தனியாவா போகப்போற?" அத்தான் பதறினார். "கூட்டத்துல தொலைஞ்சு போயிருவே, உலகு."

"அம்மா, போறீங்களா, வழி விடுறீங்களா?" என்றாள் வாசல் பெண்.

அப்போது உள்ளே ஒலிபெருக்கியில் ஒரு குரல்... "முதல் ஓவரை வீச வருகிறார், தென்காசி தாரணி!"

அக்கா அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை இல்லை அது. சேலையை இழுத்துச் செருகினாள். போயே போய்விட்டாள்!

நாங்கள் சுவரோரம் நின்றோம். எழுபத்திரண்டு இட்லியும் நாங்களும். உள்ளே ஓர் இரைச்சல் எழுந்தது. யாருக்குக் கைதட்டல்? அவளுக்கா, எதிராளிக்கா? அத்தான் முகம் வெளுத்துவிட்டது. போன் அடித்தது.

"ஏங்க..." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "மூணாவது பந்து. குச்சி பறந்துட்டுங்க! நான் பாத்துட்டேன்!"

அத்தான் குரங்குக் குல்லாயால் கண்ணைத் துடைத்தார். "மிளகாய்ப்பொடி காரம், மாப்ளே" என்றார். இட்லிப் பொட்டலத்தை அவர் இன்னும் பிரிக்கவே இல்லை.

வேறு பாஸ் வாங்கி நாங்கள் உள்ளே போனபோது தாரணி பந்துவீசி முடித்திருந்தாள்.

இப்போது சொல்லுங்கள், அத்தான் கெட்டவரா? மகள் மேல் உயிரையே வைத்தவர். அந்தப் பாசத்தைக் குழைத்துத்தான் பொட்டு வைத்தார். ஆனால் எங்கே வைத்தார்? வாசலைத் திறக்கிற கோட்டின் மேலேயே வைத்தார்!

நாம் என்ன செய்கிறோம்? "சென்னை தூரமாச்சே"... ஒரு பொட்டு. "சாப்பாடு ஒத்துக்காதே"... ஒரு பொட்டு. "சொந்தக்காரன் என்ன சொல்வான்"... இருப்பதிலேயே பெரிய பொட்டு! எல்லாம் பாசம்தான் ஐயா, நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை வாசலில் நிற்கிறாள். உள்ளே அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

படிவம் மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. எழுந்து வாருங்கள். கையெழுத்து மட்டும் போடுங்கள்... பொட்டு வைத்துவிடாதீர்கள்!