அலையில்லாத இடம்

நான் அழகுமலை, வயது 63, த/பெ கருத்தக்கண்ணன். தேனி மாவட்டம் கோம்பை, நடுத்தெருவில் வசிக்கிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியராக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன். கடலில் இறந்த சொர்ணலதா என் ஒரே மகள். அவளுக்குத் திருமணமாகி ஐந்து ஆண்டுகளே ஆனதாலும், அவள் கணவர் விஜயபாண்டி மீது என் மைத்துனர் சுருளியாண்டி புகார் கொடுத்திருப்பதாலும், கோட்டாட்சியர் அவர்கள் 28.05.2007 இன்று என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

நான்கு வயதுப் பேத்தி திரிஷா கடலைப் பார்த்ததில்லை. அதனால் பள்ளி விடுமுறையில், என்னிடமிருந்த பழைய சாரணர் கூடாரத்தை எடுத்துக்கொண்டு, நான், என் மனைவி முத்துலட்சுமி, மகள், மருமகன், பேத்தி ஐவரும் 18ஆம் தேதி வேனில் புறப்பட்டு, சாயல்குடிக்குத் தெற்கே ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையில் கூடாரம் அடித்தோம். அதன் பிறகு மகளும் பேத்தியும் கொண்டுபோன திராட்சையைக் கழுவாமலே தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணியளவில் குளிக்கப் போனோம். மருமகன் தொலைவில் தெரிந்த மீனவர்களைக் காட்டி, "மாமா, அங்கன வலை இழுக்கிறவுகளக் கேட்டுட்டு எறங்குவோமா?" என்றார். நான், "முல்லையாத்துல நீந்துனவளுக்கு இது என்ன மாப்ள" என்றேன். ஆற்றில் நுரை தெரிந்தால் அடியில் பாறை இருக்கும், நுரையில்லாத இடமே குளிக்க ஏற்றது என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்வேன். சாய்த்த தட்டில் கூழாங்கல் வைத்து, தண்ணீர் ஊற்றிச் செய்தும் காட்டுவேன். மகளும் ஐந்தாம் வகுப்பு என்னிடம்தான் படித்தாள். அன்று இருபுறமும் அலை நுரைத்து உடைய, நடுவே ஒரு தெரு அகலத்துக்கு அலையே இல்லாமல் கிடந்தது. நான் கைநீட்டி அந்த இடத்தைக் காட்டினேன். மகள் சிரித்து, "அப்பா, இங்கனயும் தட்டும் கல்லும் கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவருடன் இறங்கினாள்.

நான் காட்டிய இடத்தில் இடுப்பளவு போனதும் தண்ணீர் மூவரையும் உள்ளே கொண்டுபோயிற்று. மகள் பேத்தியைக் கணவரிடம் நீட்டி, "பிள்ளையக் கொண்டுபோங்க, நான் வாரேன்" என்று சொன்னது கரையில் நின்ற எனக்கும் மனைவிக்கும் கேட்டது. மருமகனைப் பக்கத்து அலை கரைக்குத் தள்ள, பேத்தியை என் கையில் கொடுத்துவிட்டு உடனே திரும்ப ஓடினார். அதற்குள் அவளைக் காணவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த மீனவர் ஜெபமணி, மருமகனை மட்டும் இழுத்துவந்து போட்டார். அதன் பிறகு அவர், "அலை இல்லாத எடத்துலதான்யா கரைக்கு வந்த தண்ணி பூரா திரும்பிப் போகும். அங்கன எறங்கச் சொன்னது யாரு?" என்றார். மாலையில் உடல் கரை ஒதுங்கியது.

அதன் பிறகு கோம்பையில், துக்கத்துக்கு வந்தவர்கள் முன்பாக சுருளியாண்டி, "பிள்ளையத் தூக்கத் தெரிஞ்சவனுக்குப் பொண்டாட்டியத் தூக்கத் தெரியலையாக்கும்? வேணும்னே அந்த எடத்துக்குக் கூட்டிப்போயிருக்கான்" என்றார். மருமகன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனிந்தார். இடத்தைக் காட்டியது நான் என்று இன்றுவரை அவர் எவரிடமும் சொல்லவில்லை. நானும் ஒன்பது நாள் சொல்லவில்லை.

அவர் என் மகளைக் கடிந்து பேசிக்கூட நான் பார்த்ததில்லை. அவர் மீது எனக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. மகளின் கண்ணாடி என்னிடம் உள்ளது. தேவையென்றால் ஒப்படைக்கிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டியபோது, "அவர்கள் இறங்கிய இடத்தில்" என்று எழுதியிருந்ததை "நான் காட்டிய இடத்தில்" என்று மாற்றச் சொல்லி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) க. அழகுமலை