சத்தத்தைத் தொடாதே

– அதெப்படி அண்ணி, அணைஞ்சு போறதை மட்டும் சரி பண்ணு, சத்தத்தைத் தொடாதேன்னா? ரெண்டும் ஒரே வியாதி.

– எனக்கு அந்த வைத்தியமெல்லாம் தெரியாது தம்பி. திடீர் திடீர்னு அணைஞ்சு போகுது, அதுதான் தொல்லை. சத்தம் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்.

– இருந்துட்டுப் போகட்டுமா! மாடிப்படி ஏறும்போதே மாவு மில்லு மாதிரி கேக்குது. இத்தனை வருஷமா கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றேன், சத்தம் வேணும்னு கேட்ட ஒரே ஆள் நீங்கதான்.

– மெதுவாப் பேசு. உங்கண்ணன் வந்துடப் போறார்.

– முடி வெட்டத்தானே போயிருக்கார்? வர நேரமாகும். டார்ச்சை இப்படிக் காட்டுங்க. பவர் சப்ளையா இருக்கும்னு வேற ஒண்ணு மாட்டிப் பார்த்தேன், அப்பவும் அணைஞ்சுது. கடைசியில பார்த்தா இந்த ஃபேன். தூசி அடைச்சுக்கிட்டு, சுத்த முடியாம இந்தக் கத்து கத்துது. உள்ள சூடு ஏறினதும் மெஷினே தன்னை அணைச்சுக்குது. புது ஃபேன் போட்டா ரெண்டும் போயிடும்.

– கொஞ்சமாவது சத்தம் போடுற ஃபேன் கிடைக்காதா?

– அண்ணி, என்ன மறைக்கிறீங்க?

– ஒண்ணுமில்லப்பா.

– முகத்தைப் பார்த்தா ஒண்ணுமில்லாத மாதிரி தெரியலையே.

– உங்கண்ணன் காலைல இந்த ரூமுக்குள்ள போனா சாயங்காலம்தான் வெளிய வர்றார். முன்னெல்லாம் சமையல்கட்டுல நின்னாலே கீபோர்டு தட்டுறது கேக்கும். வீட்டு பிளானை மாத்தச் சொல்றவங்களோட போன்ல மல்லுக்கட்டுறது கேக்கும். ரெண்டு மாசமா எதுவும் இல்லை.

– வேலை போயிடுச்சா?

– போயிருக்கும். நான் கேக்கல, அவரும் சொல்லல. மெஷினை ஓட விட்டுட்டு சும்மா உக்காந்திருக்கார். டீ கொண்டு போனா அவசர அவசரமா ஏதோ ஒரு பழைய பிளானைத் திறந்து வைக்கிறார். பார்க்கச் சகிக்கல தம்பி.

– ஐயோ அண்ணி...

– இந்த இரைச்சல்ல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்பிட்டிருக்கார். மெஷின் அணைஞ்சா வீடே கப்சிப்னு ஆயிடுது. உடனே நான் பாத்திரத்தைப் போட்டு உருட்டுறேன். நேத்து ஒரு நல்ல குக்கர் மூடி நசுங்கிப் போச்சு.

– சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

– எனக்கும்தான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா பாவம், மனுஷன் முகத்தை எங்க கொண்டு போய் வச்சுப்பார்? அவராச் சொல்லட்டும். அதுவரைக்கும் அது கத்தட்டுமே.

– இப்பதான் எனக்குப் புரியுது.

– என்ன புரியுது?

– என்னை வரச் சொன்னதே அண்ணன்தான். அணையுறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் குடுடா. என் வாயால சொல்ல வரல, அவளுக்கே கேக்கட்டும்"னார்.