தட்டேந்திய கைகள் முதலில் வரட்டும்

குலக்கோலைக் கையில் ஏந்தி இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சொல்வல்லார் லெமானா அவர்களே! நேர்வரிசையில் நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் குடும்பத் தலைவர்களே! ஜெபத்தால் நம்மைத் தாங்கும் போதகர் ஐயா அவர்களே! வெள்ளுடை உடுத்தி வந்திருக்கும் மாதர் சங்கத்துத் தாய்மார்களே! தெற்கு ஆக்லாந்தின் மழையில் நனைந்து வந்த சமோவாவின் மக்களே! சமையலறைக் கதவுக்கு அப்பால் தேங்காய்ப்பாலில் சேம்பிலை வேகவைக்கும் பிள்ளைகளே! கடைசியில் அழைத்தாலும் என் முதல் வணக்கம் உங்களுக்குத்தான்.

ஏன் இந்த முணுமுணுப்பு? வரிசை மாறிவிட்டது என்றா? வேண்டுமென்றேதான் மாற்றினேன்.

என் மகள் மசினாவை அறிவீர்கள். ஞாயிறு பாட்டில் சுருதியை விட்டு ஓடும் அந்தக் குட்டிக் குரலை யார் மறப்பீர்கள்? ஆறு வயதில் அவள் இரத்தத்தில் புற்றுநோய் புகுந்தது. மருந்து தோற்றது. இன்னொருவரின் எலும்பு மஜ்ஜைதான் வழி என்றார்கள். அது பெரும்பாலும் நம் இனத்தாரிடமே பொருந்தும் என்றார்கள். வீட்டில் எவருக்கும் பொருந்தவில்லை. கொடையாளர் பதிவில் நம்மவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம்!

நீங்கள் சும்மா இருந்தீர்களா? இல்லை! இதே கூடத்தில் திரண்டீர்கள். பொருத்தம் பார்க்கக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பதவி வரிசையில், வயது வரிசையில் வந்து வாய் திறந்தீர்கள். முதல் ஆளாக உட்கார்ந்த நம் தலைவர் லெமானா, "எடும்மா எடு! என் எலும்புல இருக்குற சத்து பத்துப் பிள்ளைக்குக் காணும்!" என்றார். பல்லில்லாத வாயைப் பார்த்துச் செவிலியும் சிரித்துவிட்டார். சிரியுங்கள், அவரே சிரிக்கிறார்!

ஆனால் அந்தச் செவிலி என் காதருகே வந்தார்.

"அக்கா, இளவயசுக்காரங்க மஜ்ஜைதான் நல்லாப் பிடிக்கும், அவங்கதான் வேணும்னு சொல்லியிருந்தோமே. எங்க அவங்கல்லாம்?"

"உள்ள சமைக்கிறாங்க. பெரியவங்க முடிச்சதும் வருவாங்க."

பெரியவர்கள் முடித்தார்களா? வாழ்த்துரை, மறுவாழ்த்துரை, மறுவாழ்த்துக்கு நன்றியுரை! நடுவில் என் பக்கத்து வீட்டு டீலா சாப்பாட்டுத் தட்டோடு வந்து, "சிஸ்டர், நானும் குடுக்கலாமா?" என்று கேட்டாள். குச்சியைப் பிரிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு குரல்: "ஏ டீலா! விருந்தாளிங்களுக்குச் சாப்பாடு ஆறுதுடி!"

ஓடினாள் பிள்ளை. மரியாதை தெரிந்த பிள்ளை. பொழுது சாய்ந்தது, செவிலி கிளம்பிவிட்டார்.

அன்று மருத்துவமனையில் மசினா கேட்டாள்: "அம்மா, எல்லாரும் எனக்காக வாயத் தொறந்தாங்களா?"

"ஆமாடி தங்கம், பெரிய தாத்தாகூட."

"அப்போ கெடச்சிரும்ல?"

இன்னொரு நாள் குறிப்பதற்குள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மடியில் இருந்தவளை மண்ணில் வைத்தோம். மாதக்கணக்கில் பின்னிய மெல்லிய பாய்களை, நம் வழக்கப்படி துக்க மரியாதையாகக் கொண்டுவந்து என் வாசலில் குவித்தீர்கள். நன்றி மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: என் மகளின் உயிர் அன்று அந்தச் சமையலறையில் நின்றதா? தட்டேந்தி நின்றதா? பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றதா? எனக்குத் தெரியாது. தெரியப் போவதும் இல்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

எலும்பைத் துளைப்பார்கள் என்ற பயமா? பெரும்பாலும் இரத்ததானம் போலக் கைநரம்பு வழியாகத்தான் எடுக்கிறார்கள்.

இன்று நம் குழந்தை ஒன்று அதே நோயோடு காத்திருக்கிறது. அதன் தாய் இந்தக் கூடத்தில் இருக்கிறாள். திரும்பித் தேடாதீர்கள், அவள் அழட்டும் என்றா உங்களைக் கூட்டினேன்? செவிலி வந்துவிட்டார், மேசை தயார்.

பெரியோர்களே! மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை. இன்று ஒருநாள் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்கிறேன். டீலா, அடுப்பை அணைத்துவிட்டு வா! வரிசையில் முதல் ஆளாக நில்! தலைவர் அவர்களே, கோலை இப்படிக் கொடுங்கள், கரண்டியைப் பிடியுங்கள்!

எழுந்துவிட்டார்! பாருங்கள், எழுந்தேவிட்டார்! என்ன கேட்கிறார்? "சமையலறைக்கு எந்தப் பக்கம்டா போகணும்?"

வழி காட்டுங்கள் அவருக்கு! பசி பொறுத்துக் கேட்ட உங்களுக்கு, மசினாவைப் பெற்றவளின் நன்றி. வாருங்கள் பிள்ளைகளே, வணக்கம்!