முறுக்கிய வில்

ஆரணி பஸ் நிலையத்தில் சென்னை பஸ் கிளம்பாமல் நின்றது. எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண், பக்கத்தில் ஆள் போல உட்கார்ந்திருந்த, பெரிய வயலின் மாதிரியான செல்லோவின் பெட்டி. அதைத் தூக்கி வந்து ஏற்றிய அவள் அப்பா இறங்காமல் நின்றார்.

“அத யாருப்பா உன்ன முறுக்க சொன்னது?”

“வாசிக்கற வில்லுல குதிர முடியெல்லாம் தொளதொளன்னு தொங்கிகினு இருந்திச்சி. திருகி உட்டேன்.”

“நீ திருகுனதுல குச்சியே வெடிச்சிடுச்சி. சாயங்காலம் ரிகர்சல். இப்ப எவன்கிட்டயாவது வில்லு கேட்டு கையேந்தணும். பன்னெண்டு வருஷமா ஆர்க்கெஸ்ட்ராவுல இருக்கறேன், இப்படி போனதே இல்ல.”

“நெசவு செய்றவன்மா நான். தளந்து கெடந்தா கை சும்மா இருக்குமா?”

“ராத்திரி தறிய உட்டு எழுந்திரிக்கும்போது இழுத்து கட்டன பாவு நூல என்னா பண்ணுவ?”

“தளத்தி உடுவேன்.”

“ஏன்?”

“இறுக்கியே வெச்சிருந்தா இழை தாங்காது. காலையில திரும்ப இறுக்கிக்கலாம்.”

“இதையும் வாசிச்சி முடிச்சிட்டு அப்படித்தான் தளத்தி வெச்சேன்.”



“தறி பொழப்பும்மா, அதுக்கு பாத்து பண்ணுவேன். இது நீ ஆசைக்கு வாசிக்கறதுன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

கண்டக்டர் விசில் ஊதினார். அப்பா படியில் இறங்கும்போது அவள் எழுந்து நின்றே கேட்டாள்:

“உனுக்கு கால் ஒடைஞ்சி ரெண்டு வருஷம் தறி நின்னுச்சே, அப்ப வீடு எதுலப்பா ஓடிச்சி?”