அட்டையையும் மிஷினையும் பேச வைத்தவருக்கு

நம் நூற்பாலையின் அட்டைக் கிடங்குக் காப்பாளராக இருந்து இன்று ஓய்வு பெறும் பெரியவர் மு. மீரான் இராவுத்தர் அவர்களுக்கு அலுவலகத்தார் அன்புடன் அளிக்கும் மடல்.

பேகம்பூர் தந்த பெருந்தகையே! அடுக்கிய அட்டைகளை அழியாது காத்த அண்ணலே! பேச்சில் சிக்கனமும் பொறுமையில் தாராளமும் காட்டிய பண்பாளரே, வணக்கம்.

1941இல் பேரேடு சுமக்கும் பணியில் சேர்ந்தீர்கள். 1958இல் வருகைப் பதிவுக்கென்று சென்னையிலிருந்து பெரிய மிஷின் வந்தது. பேரேடு போய், துளையிட்ட அட்டை வந்தது. ஐந்தாம் வகுப்பு படித்த நீங்கள், அட்டையைச் சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தே எந்தத் தொழிலாளி, எந்த ஷிப்டு என்று சொல்லக் கற்றீர்கள். இங்கிலீஷ் படித்த நாங்களோ மிஷின் சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

1962 தீபாவளி விடுமுறை முடிந்த திங்களன்று அந்த மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்தது. தொள்ளாயிரம் பேர் உழைக்கும் ஆலையில், ஏழாயிரத்துச் சொச்சம் எண்ணுள்ள தொழிலாளி காலை ஷிப்டுக்கு வந்ததாக அச்சடித்தது. மிஷினைக் கழற்றித் துடைத்தோம். மழையில் அட்டை நமுத்துவிட்டது என்று சொல்லி, வெயில் தலைகாட்டிய நேரத்தில் மொட்டை மாடியில் அப்பளம்போல் காயப் போட்டோம். ஒன்றும் பலிக்காததால், மூன்றாம் நாள் பழி அட்டையில் துளையிடும் முத்துப்பேச்சியின் மேல் விழுந்தது. வேலைக்கு வந்து ஆறு மாதம். தம் ஊரிலிருந்து அலுவலக வேலைக்கு வந்த முதல் பெண். அவரை நிறுத்தும் கடிதம் தட்டச்சாகி, மேலாளர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அப்போதுதான் யாரும் கேட்காமலே நீங்கள் மேலாளர் அறைக்குள் நுழைந்தீர்கள். முத்துப்பேச்சி துளையிட்ட இருநூறு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்திருந்தீர்கள்.

“புள்ள போட்ட ஓட்டை அம்புட்டும் சரியா இருக்கு சார். மிஷின் மேலயும் தப்பில்ல. ரெண்டும் பேசிக்கிறதுக்கு நடுவுல ஒரு பலகை இருக்குல்ல, அதைப் பாருங்க” என்றீர்கள்.

எந்த இடத்துத் துளை எதைக் குறிக்கும் என்று மிஷினுக்குச் சொல்வது, காலையில் முதலில் மாட்டும் கம்பிப் பலகை. தை மாதம் முதல் தொழிலாளர் எண் நான்கு இலக்கமாகும் என்பதால், யாரோ முன்கூட்டியே அதன் கம்பிகளை மாற்றியிருந்தார்கள். பழைய அட்டையின் மூன்று இலக்கத்தோடு பக்கத்து எண்ணையும் சேர்த்து மிஷின் படித்துக்கொண்டிருந்தது. நீங்கள் தகரப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தீர்கள். பழைய பலகையின் ஒவ்வொரு கம்பியும் அதில் கலர் பென்சிலால் வரையப்பட்டிருந்தது. மாலைக்குள் தொள்ளாயிரம் பேரும் அவரவர் எண்ணில் வந்து சேர்ந்தார்கள். மேலாளர் கடிதத்தைத் தம் கையாலேயே கிழித்தார்.

பலகையை மாற்றியது யார் என்று அவர் கேட்டார். “வேலை ஓடுதுல்ல சார், விடுங்க” என்றீர்கள். உங்களுக்குத் தெரியும். தீபாவளியன்று மிஷின் அறைச் சாவியைக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டவரே நீங்கள்தான்.

மாற்றியவன் இம்மடலை எழுதும் மிஷின் இயக்குநர் ஒச்சப்பன். தை மாத வேலையை முன்பே முடித்து மேலாளரிடம் நல்ல பெயர் வாங்க நினைத்தேன். முதல் நாள் அது நினைவுக்கே வரவில்லை. இரண்டாம் நாள் வந்தது, பயந்து வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கடிதம் தட்டச்சானபோதும் பக்கத்தில் நின்றேன். மறுநாள் காலை உங்கள் நோட்டு என் மேசையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், கழற்றுவதற்கு முன் என் புதுப் பலகையையும் வரைந்து வைத்திருந்தீர்கள். தை மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வேலை தொடங்கியது. ஆறு ஆண்டாக ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை. ஐயா, அந்த நன்றியையும் என் வெட்கத்தையும் சபையில் வைக்கிறேன்.

உங்கள் கண்ணொளி மங்காமல், நடை தளராமல், பேரப்பிள்ளைகள் புடைசூழ நூறாண்டு நலமாக வாழ எல்லாம் வல்லவன் அருளட்டும்.

இம்மடலை இங்கே வாசிப்பவர், இன்று துளையிடும் பிரிவின் தலைவியாக இருக்கும் முத்துப்பேச்சி. நேற்று இதை அவரிடம் கொடுத்தபோதுதான் அவருக்கே விவரம் தெரிந்தது. முழுவதும் படித்தார். பிறகு, “ஒரு வரியையும் எடுத்துடாதீங்கண்ணே, நானே வாசிக்கிறேன்” என்றார்.

இங்ஙனம்,
உங்களை வழியனுப்ப மனமில்லாத
நூற்பாலை அலுவலகத்தார்

திண்டுக்கல்
29-6-1968